முட்டத்தின் விளக்கே

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாலும் நேரே விஷயத்துக்கு வரமாட்டார்கள். "நான் பள்ளிமுக்கு சிலுவைக்க மருமொவனாக்கும் பேசுதேன்" என்று வம்சாவளியில்தான் தொடங்குவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடப்பது யார் என்று தெரியவரும் முன்பே அவருடைய மூத்த மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்பது தெரிந்துபோகும்.

நாகர்கோவிலில் மாவட்ட அவசர உதவி அறையில் போன் எடுக்கிற டெல்பினுக்கு இதிலெல்லாம் கோபம் வருவதில்லை. அவளும் முட்டத்துக்காரிதானே. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தக் குரலைப் பாதியாகத் தணித்து, "அது கெடக்கட்டும் அண்ணா. ஆளு முழிச்சிட்டு இருக்காவளா? மூச்சு ஒழுங்கா விடுதாவளா? அத முதல்ல சொல்லுங்க" என்று குறுக்கே புகுவாள். இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் ஊர், தெரு, அடையாளம் எல்லாம். அவள் கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்வது பக்கத்து மேசையில் ஜெரிஷின் திரையில் தெரியும். எந்த வண்டி கிட்டே நிற்கிறது என்று பார்த்து அனுப்புவது அவன் வேலை. வண்டி போய்ச் சேரும்வரை போனை வைக்காமல், அந்தப் பக்கத்து மனிதரைக் கையைப் பிடித்து நடத்துவதுபோல நடத்திக்கொண்டு போவது டெல்பினின் வேலை.

அன்றைக்குச் சாயங்காலம், பக்கத்துக் கோயிலில் திரிகால ஜெப மணி அடித்து ஓய்ந்த சமயம். டெல்பின் கடைசி மடக்குச் சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"குலசேகரத்துக்கு மேல இருந்து ததேயுஸ் பேசுதேன். ரப்பர் ஷீட்டுக் கட வச்சிருக்கேன். எனக்க வீட்டுக்காரிக்கு ஒரு மாதிரி இருக்குது, கேட்டியளா."

"முழிச்சிருக்காவளா? மூச்சு விடுதாவளா?"

"முழிச்சுட்டுத்தான் இருக்கா. மூச்சும் விடுதா. சாயா கொண்டு வந்தா, கிளாசு கையில இருந்து வழுவிப் போச்சு. என்னட்டீன்னு கேட்டா, முழிச்சு முழிச்சுப் பாக்குதா. பேச்சு வரல்ல."

டெல்பினின் விரல்கள் வேகமாயின. பேச்சு வரவில்லை என்றால் பக்கவாதமாக இருக்கலாம். "கடைசியா எப்பம் நல்லா பேசுனாவ அண்ணா?"

"இப்பந்தான். கோழிய அடைச்சிட்டு வந்து எனக்க கூட சண்ட கூடப் போட்டா."

"சரி. அவியள ஒருவாட்டி சிரிக்கச் சொல்லுங்க."

"இந்த நேரத்துல என்ன சிரிப்பு?"

"சோதிக்கதுக்காக்கும் அண்ணா. வாய் கோணுதான்னு பாருங்க."

அவர் அவளைச் சிரிக்கச் சொல்வது போனில் கேட்டது. "கொஞ்சம் கோணலாத்தான் இருக்குது. ஆனா, அவ எனக்கிட்ட எப்பவும் அப்பிடித்தான் சிரிப்பா."

வேறு நேரமாக இருந்தால் டெல்பினே சிரித்திருப்பாள். ரெண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். வலது கை தாழ்ந்து வருகிறதாம். ஆனால் காலையிலிருந்து ஷீட் அடுக்கினாள், அந்த அசதியாக இருக்கும் என்று ததேயுஸே அதற்கும் ஒரு காரணம் சொன்னார். மனிதர் பயந்துபோயிருந்தார். பயந்தவன் கண்ணுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம் தெரியும். டெல்பின் ஜெரிஷைப் பார்த்துத் தலையசைத்தாள். குலசேகரம் வண்டி கிளம்பிவிட்டது.

பிறகுதான் வந்தது வினை. ததேயுஸுக்கு ஒரு அக்காள், பக்கத்து வீடு. சத்தம் கேட்டு ஓடிவந்தவள், "ஜெபமால சொல்லச் சொல்லுங்கலே, வாயில வருதான்னு பாப்போம்" என்று சொல்வது போனில் கேட்டது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இது ஒரு வழக்கம். கடலில் விழுந்தவனைக் கரைக்கு இழுத்துப் போட்டாலும் முதலில் சேசு மரி சூசை சொல்லச் சொல்லித்தான் பார்ப்பார்கள். ஜெபம் வாயில் வந்துவிட்டால் ஆளுக்கு ஆபத்தில்லை என்பது கணக்கு. டாக்டர் வைத்துப் பார்க்கிற குழாயெல்லாம் அதற்கப்புறம்தான்.

பின்னால் பெண்கள் குரலில் "அருள் நிறைந்த மரியே" எழுந்தது. ஜெபமாலையில் ஒரு மணி, இரண்டு மணி உருட்டியிருப்பார்கள். ததேயுஸின் குரல் மாறி வந்தது.

"சிஸ்டர், சரியாயிட்டு. நல்லா சொல்லுதா. ஒரு வார்த்த தப்பல்ல. மிச்ச மணிய விட்டு, நேர மாதா பிரார்த்தனையும் அவளே தொடங்கிட்டா. வண்டிய வேண்டாம்னு சொல்லிருங்க. வண்டி சத்தம் கேட்டா ஊரே கூடிரும். நாளைக்கு மெதுவா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவேன்."

ஜெரிஷ் காதொலிப்பானை ஒரு பக்கம் ஒதுக்கினான். "அக்கா, பேச்சிப்பாறையில ஒருத்தரு பலாமரத்துல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்காரு. பேச்சு வந்துட்டுன்னா இந்த வண்டிய அங்க திருப்பட்டா?"

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பேச்சுத் தெளிவு என்பது சோதனையில் மூன்றாவது கேள்வி. வார்த்தை தப்பாமல் சொல்கிறாள் என்று வீட்டுக்காரரே சொல்கிறார், வண்டியும் வேண்டாம் என்கிறார். மலையடிவாரத்துக்கு இருப்பதோ ஒற்றை வண்டி. வேண்டாம் என்கிறவனை வம்படியாக இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது.

ஆனாலும் டெல்பின் விரலை உயர்த்தி அவனை நிறுத்தினாள். ஜெபம் சொன்னால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தமா? அவளுக்குத் தெரியாதா அந்தக் கதை?

முட்டத்தில் அவள் வீட்டு முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து ஜெபமாலை சொன்ன நாட்களில் அவளுடைய அப்பா முழுத் தூக்கத்தில் ஜெபம் சொல்வார். விடியுமுன் கட்டுமரம் தள்ளிய உடம்பு. முழந்தாளில் நின்றபடியே கண் செருகிவிடும், குறட்டை கூட வரும். ஆனால் அவர் முறை வந்ததும் "அர்ச்சிஷ்ட மரியே" என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் "ஆமென்" வரை போய்விட்டு மறுபடியும் குறட்டைக்குத் திரும்புவார். டெல்பினும் லேசுப்பட்டவள் இல்லை. நாளைக்குச் சந்தையில் வாங்கப்போகிற வளையலை நினைத்துக்கொண்டே ஐந்து தேவ இரகசியங்களையும் முடித்திருக்கிறாள். ஜெபம் தன்பாட்டுக்கு ஓடும். அது நாக்குக்குத் தெரிந்த பாதை, வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி, ஓட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாம்.

எட்சனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பத்துக்குப் போன பிறகு அந்த ஜெபமாலை அவள் வாயைவிட்டுப் போய்விட்டது. மாமியார் தங்கபாய் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அன்றன்றைக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். டெல்பினுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்தப் பழைய வார்த்தைகளுக்காக அவள் ஏங்கியிருக்கிறாள், யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணா, போன ஸ்பீக்கர்ல போட்டு அவிய பக்கத்துல வைங்க. நான் ஒருவாட்டி கேட்டுக்கிடுதேன். பொறவு வண்டிய திருப்பலாம்."

ததேயுஸ் அப்படியே செய்தார். ஜெபமாலையின் முடிவில் சொல்லும் மாதா பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி முன்னால் சொல்ல, வீடு பின்னால் பதில் சொன்னது. தடிப்பான, நிதானமான குரல்.

"சொர்ணமயமான ஆலயமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"வாக்குத்தத்தத்தின் பெட்டகமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பரலோகத்தினுடைய வாசலே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"விடியற்காலத்தின் நட்சத்திரமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"முட்டத்தின் விளக்கே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது வீடு, கொஞ்சமும் தயங்காமல்.

டெல்பின் தட்டச்சை நிறுத்திவிட்டாள். உலகத்தில் எந்த ஜெபப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. ரோமாபுரியில் போய்த் தேடினாலும் கிடைக்காது. அந்த வரியைச் செய்தவள் அவள். உடன் இருந்தவள் ஒரே ஒருத்தி.

பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி, அவளுக்கு வெறும் கண்ணி. இரண்டு வீடும் ஒரே முற்றத்தில் கூடி ஜெபம் சொல்லும். பிரார்த்தனையை முன்சொல்லுவது இந்த இரண்டு பேருடைய வேலை, ஆளுக்கொரு வரி. நட்சத்திரம் கண்ணிக்கு வரும். அதற்கடுத்த "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" டெல்பினுக்கு. ஒருநாள் கண்ணி நட்சத்திரத்தைச் சொல்லி முடிக்கவும் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் தென்னை உச்சியைத் தடவிக்கொண்டு போயிற்று. என்ன குறும்போ, டெல்பின் "முட்டத்தின் விளக்கே" என்றாள். பெரியவர்கள் அத்தனை பேரும் பக்தியோடு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். சிரிப்பை அடக்கிய கண்ணியின் தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். ஒரு புருவத்தைத் தூக்கி, சொல்லேன் என்பதுபோல டெல்பினைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் அதே புருவம், அதே வரி. வீடு சந்திக்க வந்த பங்குச் சாமியார் கூட ஒருநாள் பதில் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பிடிபடவே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வருஷம் கல்யாணம். டெல்பின் சபை மாறிக் கட்டியதால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணியையும் வரவிடவில்லை. கண்ணியை மலைப்பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்தார்கள். அதற்கு டெல்பினை யாரும் கூப்பிடவில்லை. பிறகு கோபதாபமெல்லாம் ஆறி, அப்பாவே பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். ஆனால் கண்ணியைப் போய்ப் பார்ப்பது மட்டும் அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போயிற்று. நாகர்கோவிலிலிருந்து குலசேகரத்துக்கு பஸ்சுக்குப் பஞ்சமா? அவளும் தன்னை நினைத்திருக்க மாட்டாள் என்று டெல்பின் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நினைக்கவில்லையாம். கடலே தெரியாத ஒரு மலைவீட்டைத் தினமும் சாயங்காலம் முட்டத்து லைட் ஹவுசிடம் மன்றாட வைத்திருக்கிறாள்.

"அக்கா?" என்றான் ஜெரிஷ்.

டெல்பின் போனுக்குத் திரும்பினாள். அழுகிற நேரமா இது? "அண்ணா, ஜெபத்த நிறுத்தச் சொல்லுங்க."

"பிரார்த்தன பாதியில நிக்குதே. நிறுத்தப்பிடாது."

"மாதா கோவிக்க மாட்டா. நிறுத்திட்டு அவியட்ட ஒண்ணு கேளுங்க. இன்னைக்கு மத்தியானம் என்ன கறி வச்சாவ? அத மட்டும் அவிய வாயால சொல்லட்டும். வேற ஆரும் சொல்லிக் குடுக்கப்பிடாது."

ததேயுஸுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் கேட்டார். "ஏட்டி, மத்தியானம் என்ன கறி வச்ச?"

அவர் மறுபடியும் கேட்டார்.

"சொல்லு பிள்ளே. மரச்சீனிக் கிழங்குக்கு என்ன கூட்டுனோம்? நீதானே வச்ச."

"அருள்..." என்றது அந்தக் குரல். சற்று முன் ஆற்றோட்டமாகப் போன குரல்தான். "அருள் நிறை... எங்களுக்காக... எங்களுக்காக..."

"கறி என்னட்டீ?"

"எங்களுக்காக" என்று சொல்லி அவள் விம்மினாள்.

ததேயுஸ் போனை எடுத்தபோது அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. "சிஸ்டர், வண்டி எங்க வருது?"

"வந்துட்டே இருக்குது அண்ணா. மூளைக்குப் போவுத ரத்தக் குழாய் அடைச்சிருக்கும் போல. நீங்க உடனே கூப்பிட்டது நல்லதாப் போச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட வழியிருக்கு, நமக்கு நேரம் கெடக்கு. நான் சொல்லுகதச் செய்யுங்க." அவள் குரல் மறுபடியும் அவளுடையதாயிற்று. தண்ணீரோ சாயாவோ மந்திரித்த எண்ணெயோ எதையும் வாயில் ஊற்றக்கூடாது. தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் ஒரு பையில். முற்றத்து லைட்டைப் போட்டு, சிலுவை வைத்த குருசடி முக்கில் ஒரு ஆள் நிற்கட்டும். சொல்லிக்கொண்டே கையால் ஜெரிஷுக்குச் சாடை காட்டினாள். அவன் பேச்சிப்பாறைக்குத் திருவட்டார் வண்டியை அனுப்பியிருந்தான். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கும் சொல்லியாயிற்று, ஸ்கேன் அறை காத்திருக்கும்.

இனி வண்டி வரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டியதுதான். டெல்பின் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"அண்ணா, பிரார்த்தனையில முட்டத்தின் விளக்கேன்னு சொல்லுதியளே..."

"அது உள்ளதுதானே சிஸ்டர். அவ இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து சொல்லுதோம். எங்க அம்ம சாவுகது வரைக்கும் சொன்னா. குவைத்துல இருந்து மொவனும் போன்ல சொல்லுவான்." பிறகு பயத்தோடு கேட்டார். "ஏன், அதுலயும் ஏதாவது தப்பா சொல்லுதாளா?"

"இல்ல அண்ணா" என்றாள் டெல்பின். "அது சரியாத்தான் சொல்லுதாவ."

வண்டிச் சத்தம் கேட்டது. அழைப்பு முடிந்தது. அடுத்த அழைப்பில் யாரோ ஒருவர், தான் இன்னாருடைய மைத்துனன் என்று தொடங்கினார். டெல்பின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும் அண்ணா, ஆளு முழிச்சிட்டு இருக்காவளா?" என்றாள்.

அந்த வார லீவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி நேரத்துக்கு ஏறிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, கைகால் தேறுகிறது என்று ஜெரிஷ் விசாரித்துச் சொல்லியிருந்தான். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லையாம். பழங்களை வாங்கிக்கொண்டு வார்டு வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஆயிரம் பேருக்குப் போனில் தைரியம் சொன்னவள்தான். ஆனால் உள்ளே இருக்கிறவளுக்குத் தன்னைத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. முடி நரைத்து, கண்ணாடி போட்டு, ஊதிப்போன தன்னை எந்தக் கண்ணி அடையாளம் காண்பாள்?

"ஆரு வேணும்?" என்றார் கட்டிலருகே இருந்த மனிதர்.

"நான் டெல்பின். கண்ணிக்கக் கூடப் படிச்சவ."

ததேயுஸ் பட்டென்று எழுந்தார். பேரை விட அந்தக் குரல்தான் அவரை எழுப்பியது. "அந்தப் போன்ல..." என்று தொடங்கியவர் கையெடுத்துக் கும்பிட்டார். டெல்பினுக்குக் கூச்சமாக இருந்தது.

கண்ணி தலையணையில் சாய்ந்திருந்தாள். பருத்து, கன்னம் தொங்கி, வாய் ஒரு பக்கம் இழுபட்டு இருந்தாள். டெல்பினைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். "ஏட்டி கண்ணி, நாந்தான்" என்றதற்கு "எங்களுக்காக" என்றாள். எதற்கும் அதைத்தான் சொல்கிறாளாம்.

"ஜெபம் மட்டும்தான் சிஸ்டர்" என்றார் ததேயுஸ். "தொடங்கிக் குடுத்தா முடிவு வரைக்கும் ஓடும். எடையில நிறுத்தச் சொன்னாலும் நிக்கத் தெரியாது. நாங்க ஆரு எவருன்னு தெரிஞ்சுதான் பாக்குதாளோ என்னமோ. சாயங்காலம் ஆவுகதுக்கு முன்ன சொல்லிருவோம், பொறவு நர்சு சத்தம் போடுவா."

அவர் தொடங்கிவைத்தார், கண்ணி முன்சொன்னாள். டெல்பின் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள். வார்த்தை மறந்திருக்கவில்லை. நாக்கு தானாகவே பாதையைக் கண்டுபிடித்துப் போயிற்று. தந்தமயமான உப்பரிகை போயிற்று, சொர்ணமயமான ஆலயம் போயிற்று. பரலோகத்தின் வாசலும் கடந்தது.

"விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்றாள் கண்ணி.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கண்ணி நிறுத்திவிட்டாள்.

ததேயுஸ் பதறிப்போனார். "என்னட்டீ? நின்னு போச்சே. சிஸ்டர், டாக்டரக் கூப்பிடட்டா?"

"வேண்டாம் அண்ணா" என்றாள் டெல்பின். அவளுக்குக் கண் மறைத்தது. இழுபட்ட அந்த முகத்தில் ஒரு புருவம், சரியாக இருந்த பக்கத்துப் புருவம், மெல்ல மேலே ஏறியிருந்தது.

"முட்டத்தின் விளக்கே" என்றாள் டெல்பின்.

கண்ணியின் தோள் குலுங்கத் தொடங்கியது. ததேயுஸ் மட்டும் ஒன்றும் புரியாமல், பக்தியோடு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்.